நிரல் எழுதினால் கணக்கு வருமா?

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பள்ளி லேபில் 20 கணினி இருக்கிறது. கோடிங் மூலமாகக் கணக்கு சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையிலேயே புரியுமா? வாரத்துக்கு ஒரு பீரியட்தான் கிடைக்கும். எதில் தொடங்குவது? கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் இதனால் இன்னும் பின்தங்கிவிட மாட்டார்களா?"

புரியும், டீச்சர். ஆனால் கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டால் மட்டும் புரிந்துவிடாது. நான் 22 ஆண்டுகளாகக் கணக்கு எடுக்கிறேன். அதில் கடைசி 12 ஆண்டுகள் நிரலையும் சேர்த்துக்கொண்டு. இது கைகொடுத்த இடங்களையும் பார்த்திருக்கிறேன், கெடுத்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு முக்கோணத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்களும் வகுப்பில் அங்கிருந்தே தொடங்கலாம்.

பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவினால் அதோடு கூடவே 'டர்ட்டில்' என்று ஒன்று வரும். திரையில் ஓர் ஆமை இருக்கும். 'முன்னே 100' என்றால் 100 அலகு நடந்து, போன வழியில் கோடு போடும். 'வலப்பக்கம் 90' என்றால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். இவ்வளவுதான் அதற்குத் தெரியும். பிள்ளைகளிடம் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடுவார்கள். அடுத்து, சமபக்க முக்கோணம். அனேகமாக வகுப்பு முழுவதும் ஒரே மாதிரி எழுதும்: முன்னே 100, வலப்பக்கம் 60, இதை மூன்று முறை. சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று ஆறாம் வகுப்பிலிருந்தே படித்து வந்திருக்கிறார்கள். கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆமை நடக்கும், திரும்பும், நடக்கும், திரும்பும், நடக்கும். ஆனால் முக்கோணம் வராது. மூடாத ஒரு கோடு வரும், ஓர் அறுங்கோணத்தைப் பாதியாக வெட்டினாற்போல.

அந்த நிமிடத்தில் வகுப்பில் ஓர் அமைதி வரும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். 60 என்பது தப்பில்லை, ஆமையும் சொன்னதைச் செய்துவிட்டது, ஆனாலும் படம் தப்பாக இருக்கிறது. அப்போது நான் எதுவும் விளக்குவதில்லை. ஒரு பிள்ளையை எழுப்பி, "நீதான் ஆமை, தரையில் முக்கோணமாக நட" என்று சொல்வேன். ஒரு பக்கம் நடந்து மூலைக்கு வந்ததும், அது தான் நடந்துகொண்டிருந்த திசையிலேயே முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கும். அடுத்த பக்கத்துக்குப் போக எவ்வளவு திரும்ப வேண்டும்? கையை நீட்டிப் பார்த்தால் செங்கோணத்தையும் தாண்டித் திரும்ப வேண்டியிருக்கிறது. 120 பாகை. உள்ளே இருக்கும் கோணம் 60. ஆமை திரும்புவதோ வெளிக்கோணம். புத்தகத்தில் ஒரு படத்தின் ஓரத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கும் வெளிக்கோணம், அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறுகிறது.

இப்படிப் பிள்ளையையே ஆமையாக்கும் யோசனை செய்மோர் பேப்பர்ட்டுடையது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர் அவர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ஜான் பியாஜேயோடு இருந்து, குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்த்தவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து 1967-இல் 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார். கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போதே அதைக் குழந்தைகளுக்குக் கணக்கு கற்றுத்தரும் பொருளாகப் பார்த்தார்கள். முதலில் ஆமை என்றால் தரையில் ஓடும் ஒரு சிறு ரோபோதான். திரைக்குள் வந்தது பிறகு. இன்றைக்கு நாம் பைத்தானில் பார்க்கும் ஆமையும், 2007-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த, கட்டைகளைக் கோத்து நிரல் எழுதும் ஸ்க்ராட்ச்சும் அந்த வழியில் வந்தவைதான்.

சரி, முக்கோணத்துக்கு 120, சதுரத்துக்கு 90. ஐங்கோணத்துக்கு? இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் 70 போட்டுப் பார்ப்பார்கள், 75 போட்டுப் பார்ப்பார்கள், 72-இல் கோடு மூடிக்கொண்டதும் கைதட்டுவார்கள். படம் வந்துவிட்டது, கணக்கு வரவில்லை. அதனால் என் வகுப்பில் ஒரு விதி உண்டு. நிரலை ஓட்டுவதற்கு முன்னால் என்ன வரும் என்று நோட்டில் எழுத வேண்டும், ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். அப்புறம்தான் ஓட்டலாம். ஊகித்தது வரவில்லையென்றால் அதை அடிக்கக் கூடாது, பக்கத்தில் என்ன வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஐங்கோணம் முடிந்த கையோடு, "17 பக்கம் உள்ள உருவம் வரை" என்று சொல்லிவிடுங்கள். போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத எண் அது. கிளம்பிய இடத்துக்கே வந்து, கிளம்பிய திசையையே பார்த்து நிற்கும் ஆமை மொத்தம் ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கிறது என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். மொத்தத் திருப்பம் 360. அதைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். குவிவான எந்தப் பலகோணத்துக்கும் வெளிக்கோணங்களின் கூடுதல் 360 என்று நாம் சூத்திரமாகச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

அங்கிருந்து இரண்டு வழி பிரிகிறது. ஒன்று வட்டம். முன்னே 1, வலப்பக்கம் 1, இதை 360 முறை. திரையில் வட்டம் போலத் தெரியும், ஆனால் அது 360 பக்கப் பலகோணம். அதன் சுற்றளவு 360. விட்டத்தை ஆமையை விட்டே அளக்கச் சொன்னால் ஏறக்குறைய 114.6 வரும். வகுத்தால் 3.14. பை (π) என்ற எண்ணின் மதிப்பை இப்படிக் கையால் எடுத்த பிள்ளை அதை மறப்பதில்லை. ஆரம் 57.3 என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் ரேடியன் வரும்போது ஒரு ரேடியன் எத்தனை பாகை என்று பார்த்தால் அதே எண் வந்து நிற்கும், காரணமும் இதே ஆமைதான்.

இன்னொரு வழி நட்சத்திரம். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. ஐந்து முனை நட்சத்திரத்துக்கு ஒவ்வொரு முனையிலும் 144 பாகை திரும்ப வேண்டும். ஐந்து முறை 144 என்றால் 720. ஆமை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புகிறது. அப்படியானால் ஏழு முனைக்கு 720-ஐ 7-ஆல் வகுத்தால் ஒரு நட்சத்திரம், மூன்று சுற்றாக 1080-ஐ 7-ஆல் வகுத்தால் இன்னும் கூரான ஒரு நட்சத்திரம். இதுவரை எல்லாம் சுமுகம். இப்போது ஆறு முனை. 720-ஐ 6-ஆல் வகுத்தால் 120. ஓட்டினால் ஆமை ஒரு முக்கோணத்தை வரைந்து, அதே முக்கோணத்தின் மேலேயே இன்னொரு முறை நடந்துவிட்டு நிற்கும். நட்சத்திரம் இல்லை. எட்டு முனைக்கு இரண்டு சுற்று என்றால் சதுரம் வருகிறது, மூன்று சுற்று என்றால் அழகான நட்சத்திரம் வருகிறது. ஒன்பதுக்கு இரண்டும் நான்கும் சரி, மூன்று சரிவராது.

ஒரு பீரியட் முழுவதையும் இதற்கே கொடுங்கள். எந்த எண்ணுக்கு எத்தனை சுற்று போட்டால் நட்சத்திரம் வருகிறது, எதற்கு வரவில்லை என்று பிள்ளைகளே அட்டவணை போடட்டும். முனைகளின் எண்ணிக்கைக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இருந்தால் ஆமை பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. மீப்பெரு பொது வகுத்தி என்று ஆறாம் வகுப்பில் ஏணி போட்டு வகுத்துக் கண்டுபிடித்த அந்த எண்ணுக்கு, ஒரு படத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிற வேலை இருக்கிறது. பிள்ளைகளின் முகத்தில் அன்று தெரியும் வியப்புக்காகவே இதை ஒவ்வோர் ஆண்டும் எடுக்கிறேன்.

நம் வீட்டு வாசலிலும் இதே எண் இருக்கிறது. சிக்குக் கோலத்தில் செவ்வகமாகப் புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிகளையும் சுற்றிப் பின்னிப் போகிற கம்பியை எண்ணிப் பாருங்கள். 2-க்கு 3 புள்ளி என்றால் ஒரே கம்பி, கையை எடுக்காமல் போட்டுவிடலாம். 3-க்கு 3 என்றால் மூன்று தனிக் கம்பிகள். 4-க்கு 6 என்றால் இரண்டு. வரிசையும் நிரையும் எவ்வளவோ, அவற்றின் மீப்பெரு பொது வகுத்திதான் கம்பிகளின் எண்ணிக்கை. கோலத்துக்கும் கணினிக்கும் இருக்கும் உறவு புதிதும் இல்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களிலேயே கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உங்கள் வகுப்பில் நன்றாகக் கோலம் போடும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் ஆசிரியர்.

இவ்வளவு நேரம் ஆமையிலேயே நின்றதற்குக் காரணம் இருக்கிறது. தப்பு என்ற சொல்லின் பொருள் இங்கே மாறிவிடுகிறது. நோட்டில் தப்புப் போட்டால் சிவப்பு மை, அதோடு முடிந்தது. பிள்ளை விடையை மறைக்கிறது, அடுத்த கணக்குக்குப் போகிறது. நிரலில் தப்பு வந்தால் அது திரையில் ஒரு படமாக நிற்கிறது. 60 போட்டது ஏன் அறுங்கோணத்தின் பாதியாக வந்தது என்று யோசித்தால், அறுங்கோணத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்கிறோம். கணினிக்குக் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை, நாம் மனதில் நினைத்ததை ஊகித்துச் செய்யும் கருணையும் இல்லை. சொன்னதை மட்டும் செய்யும். அதனால், தான் நினைத்தது என்ன, சொன்னது என்ன என்ற இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பிள்ளை தானே பார்க்கிறது. கணக்கு கற்பது அந்த இடத்தில்தான் நடக்கிறது என்பது என் அனுபவம்.

இனி, கெடுத்த இடங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது சமக்குறி. நிரலில் 'அ = அ + 1' என்று எழுதுகிறோம். அ என்ற பெட்டியில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டித் திரும்ப அதே பெட்டியில் வை என்று பொருள். கணக்கில் அதே வரி நடக்கவே முடியாத ஒன்று; இரண்டு பக்கமும் அ-வைக் கழித்தால் 0 = 1 என்று வந்துவிடும். இது சின்ன விஷயம் இல்லை. ஏற்கெனவே நம் பிள்ளைகள் பலர் சமக்குறியை 'இதோ விடை வருகிறது' என்றுதான் படிக்கிறார்கள். 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள், 12 என்று எழுதும் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலும் இருப்பார்கள். சமன்பாடு என்பது தராசு என்று நாம் படாத பாடு பட்டுச் சொல்லிவரும்போது, நிரல்மொழி அந்தப் பழைய பிழையான பழக்கத்துக்கே உரம் போடுகிறது. பாஸ்கல் போன்ற மொழிகளில் இதற்கு ':=' என்று வேறு குறியே வைத்திருந்தார்கள், நல்ல வழக்கம் அது. பைத்தானில் இந்த வரிக்கு '=' தான். அதனால் என் வகுப்பில் அந்த வரியை யாரும் 'சமம்' என்று வாசிக்கக் கூடாது. "அ-வில் அ கூட்டல் ஒன்றை வை" என்றுதான் வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

மாறி என்பதும் இப்படித்தான். இயற்கணிதத்தில் ஒரு கணக்கின் ஆரம்பம் முதல் முடிவு வரை எக்ஸ் ஒரே எண்தான், நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. நிரலில் மாறி நொடிக்கு நொடி மாறும். இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்ட ஒரு பாடத்திட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. இமானுவேல் ஷான்சர் தொடங்கி, பிரவுன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்த 'பூட்ஸ்ட்ராப்' அது. பிள்ளைகள் ஒரு சின்ன வீடியோ கேம் செய்வார்கள். ஆனால் அங்கே பயன்படுத்தும் மொழியில், ஒருமுறை வைத்த மதிப்பை மாற்றும் பழக்கம் கிடையாது. ராக்கெட் நொடிக்கு 7 மீட்டர் ஏறுகிறது என்றால், 1 நொடிக்கு எவ்வளவு, 2 நொடிக்கு எவ்வளவு என்று எடுத்துக்காட்டுகளை முதலில் எழுதி, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார்த்து, அப்புறம் சார்பாக எழுத வேண்டும். கணக்குப் பாடத்தில் நாம் சொல்லும் சார்பு அப்படியே நிரலிலும் இருக்கிறது. இதைப் படித்த மாணவர்கள் காகிதத்தில் இயற்கணித வார்த்தைக் கணக்குகளையும் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள் என்று பூட்ஸ்ட்ராப் குழுவினர் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். எடுத்துக்காட்டு முதலில், சூத்திரம் அப்புறம் என்ற அந்த வரிசையைக் கணினி இல்லாத நாளிலும் நான் பின்பற்றுகிறேன்.

இரண்டாவது ஆபத்து இன்னும் நுட்பமானது. 1 முதல் 100 வரை கூட்டச் சொன்னால் பிள்ளைகள் ஒரு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) எழுதி 5050 என்று உடனே காட்டிவிடுவார்கள். முதலும் கடைசியும் சேர்ந்து 101, அப்படி 50 ஜோடி என்ற அந்த அழகான யோசனைக்குத் தேவையே இல்லாமல் போய்விடுகிறது. நிரல் வந்து யோசனையைத் தின்றுவிட்டது. நான் பல ஆண்டுகள் இந்தத் தவறைச் செய்தேன், லூப் கற்றுக்கொடுக்க வசதியான எடுத்துக்காட்டு என்று நினைத்து. இப்போது வேறு மாதிரி கேட்கிறேன்: 1 முதல் ஒரு லட்சம் கோடி வரை கூட்டு. பைத்தான் நொடிக்கு ஒரு கோடி முறை கூட்டும் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் நொடி ஆகும். அது 27 மணி நேரத்துக்கும் மேல். பெல் அடித்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கணினியே திணறுகிறது என்று பார்த்த பிறகு ஜோடி சேர்க்கும் யோசனையைச் சொன்னால், ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும் என்பதன் மதிப்பு தெரிகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. 1980-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் ஓர் ஆண்டு லோகோ படித்த குழந்தைகளைச் சோதித்தார்கள். திட்டமிடும் திறனில் அவர்கள் லோகோ படிக்காதவர்களைவிட மேலாக இல்லை. அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் தாங்களாகவே விளையாடிக் கற்றுக்கொள்ள விடப்பட்டவர்கள். இங்கிலாந்தில் ஸ்க்ராட்ச் வழியாகக் கணக்கு கற்பிக்கும் பெரிய முயற்சி ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் உருவாக்கிய நல்ல பாடங்கள் அவை. 2018-இல் வந்த மதிப்பீட்டில், கணினி வழியில் யோசிக்கும் திறன் கூடியிருந்தது, ஆனால் தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதிய கணக்குத் தேர்வில் வித்தியாசம் தெரியவில்லை. மறுபக்கம், டக்ளஸ் கிளமென்ட்ஸ், ஜூலி சராமா போன்றோர் வடிவியல் பாடத்தோடு லோகோவைப் பொருத்தி, ஆசிரியர் கூடவே இருந்து கேள்வி கேட்டு நடத்திய வகுப்புகளில் கோணம், உருவம் பற்றிய புரிதல் நன்றாகக் கூடியது.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: நிரலில் செய்ததைப் பிள்ளை தானாகக் கணக்கு நோட்டுக்குக் கொண்டுபோகாது. அந்தப் பாலத்தை நீங்கள் போட வேண்டும். ஆமை 72 பாகை திரும்பியது என்பதை அன்றைக்கே கரும்பலகையில் வெளிக்கோணமாக வரைந்து, உட்கோணம் 108 என்று கண்டுபிடிக்கச் சொல்லி, பாடப்புத்தகத்துக் கணக்கு இரண்டையும் போட வைத்தால்தான் அது சேரும். பீரியடில் கடைசி 15 நிமிடம் மானிட்டரை அணைத்துவிடுங்கள்.

எண்களின் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடமாக நிரல் அருமையாக வேலை செய்கிறது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டு, வருவது பகா எண்ணா பார். கணித மேதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் கவனித்தது இது. 0 போட்டால் 41, 1 போட்டால் 43, 2 போட்டால் 47. நிரலை ஓட்டினால் 10, 20, 30 என்று போய்க்கொண்டே இருக்கும், எல்லாம் பகா எண்கள். "எப்போதும் பகா எண்தான்" என்று வகுப்பு முழுக்கக் கையைத் தூக்கும். 39 வரை அப்படித்தான். 40-இல் 1681 வருகிறது, அது 41-இன் வர்க்கம். நாற்பது முறை சரியாக வந்ததும் நம்பிவிட்டோமே என்று பிள்ளைகள் திகைக்கும் நேரத்தில், "40-இல் ஏன் உடைந்தது?" என்று கேளுங்கள். 40 × 40 + 40 என்பது 40 × 41. அதோடு இன்னொரு 41. ஆக 41 × 41. பொதுக் காரணியை வெளியே எடுப்பது எதற்கு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓர் எண்ணை ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் வருவது அதன் ஐந்தடுக்கு. அதே ஆய்லர், ஓர் ஐந்தடுக்கைப் பெற வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து ஐந்தடுக்குகளைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று கருதினார். இரண்டு நூற்றாண்டு அது நின்றது. 1966-இல் லேண்டரும் பார்க்கினும் சிடிசி 6600 கணினியில் தேடி, நான்கே போதும் என்று காட்டினார்கள்: 27, 84, 110, 133 ஆகியவற்றின் ஐந்தடுக்குகளைக் கூட்டினால் 144-இன் ஐந்தடுக்கு. அவர்கள் கட்டுரை இரண்டே வாக்கியம். பைத்தான் எவ்வளவு பெரிய முழு எண்ணையும் சரியாகக் கணக்கிடும் என்பதால், உங்கள் மாணவி ஒருத்தி ஒரே வரியில் இதைச் சரிபார்க்கலாம். அப்புறம் ராமானுஜனின் 1729, இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண். கதை எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட அடுத்த எண் எது என்று கேட்டால் தெரியாது. இரண்டு லூப்பை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதித் தேடச் சொல்லுங்கள். 4104 வரும், 2-இன் கனமும் 16-இன் கனமும், 9-இன் கனமும் 15-இன் கனமும். தானே தேடிக் கண்டுபிடித்த எண் என்பதால் அந்தப் பிள்ளைக்கு அது சொந்தமாகிவிடும்.

நிகழ்தகவுக்கு நிரல் இல்லாமல் பாடம் எடுக்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை. பத்து நாணயங்களைச் சுண்டினால் சரியாக ஐந்து தலை விழும் வாய்ப்பு எவ்வளவு? பாதி என்பார்கள், பாதிக்கு மேல் என்பார்கள். பத்தாயிரம் முறை சுண்டிப் பார்க்க நிரலுக்கு ஒரு நொடி போதும். ஏறக்குறைய 2,460 முறைதான் அப்படி விழும், நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நூறு நாணயம் என்றால் சரியாக 50 தலை விழுவது 8 சதவீதம்தான். ஆனால் தலைகளின் விகிதம் மட்டும் பாதியை நெருங்கிக்கொண்டே வருகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்ற கேள்வியில் ஒரு வாரம் வகுப்பு ஓடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு எடுப்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். பைத்தானிடம் 0.1 + 0.2 எவ்வளவு என்று கேட்டால் 0.30000000000000004 என்று சொல்லும். கணினிக்குக் கணக்கு தெரியவில்லை என்று பிள்ளைகள் மகிழ்ந்துபோவார்கள். ஒரு பின்னத்தின் பகுதியில் 2-உம் 5-உம் மட்டுமே காரணிகளாக இருந்தால்தான் முடிவுறு தசமம் வரும் என்று அந்த வகுப்பில் படிக்கிறார்கள் அல்லவா? கணினி இரண்டின் அடிமானத்தில் எண்ணுகிறது. அதற்கு 2 மட்டும்தான் உதவும். நமக்கு மூன்றில் ஒரு பங்கு முடியாமல் நீள்வது போல, அதற்குப் பத்தில் ஒரு பங்கு நீள்கிறது. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான பயம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வராத பிள்ளைக்கு ஒரு எழுத்துப்பிழையால் நிரல் நின்றுவிட்டால், கணக்கோடு கணினியும் சேர்ந்து பயமாகிவிடும். அதனால் எட்டாம் வகுப்புக்கு முதலில் ஸ்க்ராட்ச் நல்லது. கட்டைகளைக் கோத்தால் போதும், எழுத்துப்பிழைக்கு இடமில்லை, இணையம் இல்லாமலும் நிறுவலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதில் 0 பாகை என்பது மேலே, 90 என்பது வலப்பக்கம். நம் வரைபடத்தாள் வழக்கத்துக்கு மாறு. பைத்தான் ஆமைக்குப் போகும்போது பத்துச் சொற்களுக்குள்தான் வேண்டியிருக்கும், அவற்றைச் சுவரில் தமிழ் விளக்கத்தோடு ஒட்டிவிடுங்கள். தமிழிலேயே கட்டளை எழுதும் 'எழில்' என்ற நிரல்மொழியும் இருக்கிறது, விருப்பமுள்ள பிள்ளைக்குக் காட்டலாம்.

ஒரு கணினிக்கு இருவர் என்று உட்கார வையுங்கள், கணினி மிச்சமிருந்தாலும். ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் தட்ட வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். சொல்பவர் கீபோர்டைத் தொடக் கூடாது. 'அதை அப்படித் திருப்பு' என்று சொல்லித் தப்ப முடியாமல், எத்தனை பாகை, எந்தப் பக்கம் என்று வாயால் சொல்ல வேண்டி வரும். தேர்வில் 20 மதிப்பெண்ணைத் தாண்டாத ஒரு பையன், ஆமை ஏன் வீடு திரும்பவில்லை என்பதை மற்றவர்களைவிட முன்னால் கண்டுபிடித்துச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். பின்னம், குறை எண் இவற்றில் அடிப்படையே இல்லாத பிள்ளைக்கு நிரல் மருந்தாகாது. அதற்குத் தனியாக உட்கார்ந்து சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

தேர்வில் வருமா என்று தலைமை ஆசிரியர் கேட்பார். பிரான்ஸில் 2016 முதல் நடுநிலை வகுப்புக் கணக்குப் பாடத்திட்டத்துக்குள்ளேயே நிரலாக்கம் இருக்கிறது. 'பிரெவே' பொதுத்தேர்வின் கணக்குத் தாளில் ஸ்க்ராட்ச் கட்டைகளை அச்சிட்டு, இது என்ன உருவத்தை வரையும் என்று கேட்கிறார்கள். ஸ்வீடன் 2018-இல் கணக்கோடு சேர்த்தது. நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது, கணக்கோடு அதற்குத் தொடர்பு வைக்கவில்லை. அந்தப் பிரெஞ்சுக் கேள்வி முறையை நீங்கள் இன்றே எடுத்துக்கொள்ளலாம். நிரலைக் காகிதத்தில் கொடுத்து, ஆமை எங்கே போய் நிற்கும் என்று ஸ்கேல், பாகைமானி வைத்து வரையச் சொல்லுங்கள். கரண்ட் இல்லாத நாளுக்கும் அது உதவும்.

வாரத்துக்கு ஒரு பீரியட் என்றால் முதல் வாரம் லேபுக்குப் போகவே வேண்டாம். மைதானத்தில் ஒரு பிள்ளை ஆமை, மற்றொன்று கட்டளை கொடுக்கட்டும், சாக்பீஸால் கோடு போடட்டும். இரண்டாம் வாரம் சதுரம், முக்கோணம். 60 போட்டு ஏமாறும் வரை நீங்கள் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் கடினம், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் 17 பக்கம். நான்காம் வாரம் நட்சத்திரம், அது ஐந்தாம் வாரத்துக்கும் நீளும், நீளட்டும். பிள்ளைகள் ஓட்டுவதற்கு முன் நோட்டில் எழுதிய ஊகங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஆறு முனை நட்சத்திரம் ஏன் வரவில்லை என்பதற்கு அவர்கள் எழுதிய காரணங்களில் ஒரு பத்தை எனக்கு அனுப்பினால், அடுத்து மீப்பெரு பொது வகுத்திக்குப் போகலாமா, இன்னும் கொஞ்சம் கோணத்திலேயே நிற்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.